ட்ரயல்ஸ் பைக்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? முதல் வண்டி வாங்குபவர்களுக்கு

ட்ரயல்ஸ் உலக சாம்பியன் டோனி போவின் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ட்ரயல்ஸ் பக்கம் வந்தவர்கள் நிறைய பேர். இருக்கையே இல்லாத ஒரு வண்டியை ஆளுயரப் பாறை மேல் ஏற்றி, அங்கேயே இரண்டு சக்கரத்தில் அசையாமல் நிற்கிறார். அவர் ஓட்டுவது மொன்டேசா, ஃபோர் ஸ்ட்ரோக். 2007 முதல் 2024 வரை வெளியரங்கு, உள்ளரங்கு என்று இரண்டு உலகப் பட்டங்களையும் ஒரு வருடம்கூட விடாமல் வாங்கியிருக்கிறார். இதைக் கேட்டதும் ‘அப்போ ஃபோர் ஸ்ட்ரோக்தான் வாங்கணும்’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அவரோடு மோதியவர்களில் பெரும்பாலானோர் ஓட்டியது டூ ஸ்ட்ரோக். இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ ஞாயிற்றுக்கிழமை கிளப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள், வேனிலிருந்து இறங்குகிற வண்டிகளிலும் டூ ஸ்ட்ரோக்தான் அதிகம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நல்ல நிலையில் உள்ள, பழைய, 250 சிசி டூ ஸ்ட்ரோக் போதும். ஃபோர் ஸ்ட்ரோக் யாருக்குப் பொருந்தும் என்பதும் ஓரளவு தெளிவாகவே சொல்லக்கூடியது. இரண்டில் எது ‘உயர்ந்தது’ என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நீங்கள் எந்த மண்ணில் ஓட்டப்போகிறீர்கள், உங்கள் கை எந்த வண்டியில் பழகியது, வண்டி எந்த நிலையில் இருக்கிறது: இந்த வரிசையில் பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

முதலில் விளையாட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

ட்ரயல்ஸில் வேகத்துக்கு மதிப்பு இல்லை. காட்டிலும் ஓடைப் படுகையிலும் நாடா கட்டி, அல்லது அம்புக்குறி வைத்து, சின்னச் சின்னப் பாதைகள் போட்டிருப்பார்கள். அவற்றை செக்‌ஷன் என்பார்கள். கால் ஊன்றாமல் ஒரு செக்‌ஷனை முடித்தால் 0. ஒரு முறை ஊன்றினால் 1, இரண்டு முறைக்கு 2, மூன்றோ அதற்கு மேலோ ஊன்றினால் 3. விழுந்தாலும், எல்லையைத் தாண்டினாலும் 5. கடைசியில் குறைந்த புள்ளி வாங்கியவர் ஜெயிக்கிறார். பல கிளப்புகளில் ‘நிற்கக்கூடாது’ என்ற விதியும் உண்டு. அங்கே வண்டி முன்னேறாமல் நின்றுவிட்டாலே 5.

அதனால் இஞ்சின் உச்ச வேகத்தில் எவ்வளவு சக்தி தருகிறது என்பது இங்கே பெரிய கேள்வியே இல்லை. நடக்கும் வேகத்தில், ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் எல்லாமே.

இடையில் ஒரு எச்சரிக்கை. பெயரில் ‘ட்ரயல்ஸ்’ இருப்பதெல்லாம் ட்ரயல்ஸ் வண்டி இல்லை. 2019இல் ராயல் என்ஃபீல்டு ‘புல்லட் ட்ரயல்ஸ்’ என்று 350, 500 சிசி மாதிரிகளை விட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது: ஜானி பிரிட்டன் என்ற ஓட்டுநர் 1952இலும் 1957இலும், ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரயலை ராயல் என்ஃபீல்டில்தான் ஜெயித்தார். ஆனால் 2019 வண்டி அந்த நினைவுக்காகச் செய்த சாலை வண்டி, எடை 190 கிலோவை ஒட்டி. இன்றைய போட்டி வண்டி ஒன்று 65 முதல் 75 கிலோவுக்குள் இருக்கும். தோட்டத்துச் சாலையில் புல்லட் ட்ரயல்ஸ் அருமையாக இருக்கும். ஓடைப் பாறையில் ஏற்ற நினைக்காதீர்கள்.

இரண்டு இஞ்சினும் எங்கே பிரிகின்றன

ஆர்எக்ஸ் 100 என்ற டூ ஸ்ட்ரோக்கை ஓட்டியவர்களுக்கு ஒரு வித்தியாசம் ஏற்கெனவே தெரியும். ஆக்சிலேட்டரை விட்டால் அது பாட்டுக்கு உருண்டுகொண்டே போகும். ஃபோர் ஸ்ட்ரோக் புல்லட்டில் விட்டால் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். இந்த இஞ்சின் பிரேக் ட்ரயல்ஸில் மிகப் பெரிய விஷயம். ஈரமான செங்குத்துச் சரிவில் இறங்கும்போது ஃபோர் ஸ்ட்ரோக் தானாகவே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த வேலையை உங்கள் இரண்டு பிரேக்குகளும் செய்ய வேண்டும். பழகிய கைக்கு இது சிரமமே இல்லை. பழகாத கை பதறி முன் பிரேக்கை இறுக்கிவிடும், சக்கரம் வழுக்கும்.

ஆனால் ஆர்எக்ஸ் 100 அனுபவத்தை முழுதாக இங்கே கொண்டுவர வேண்டாம். அந்த வண்டி கீழே மந்தமாக இருந்து மேலே போகப் போகச் சீறும். ட்ரயல்ஸ் டூ ஸ்ட்ரோக் அப்படிச் செய்யாது. போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளின்) அளவு, சைலன்சரின் அமைப்பு, கனமான ஃபிளைவீல் எல்லாமே அடி வேகத்தில் இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை. முதல் தடவை ஓட்டுகிறவர்கள், ‘இது டூ ஸ்ட்ரோக்தானா?’ என்று கேட்கும் அளவுக்கு மெதுவாக, பக் பக் என்று போகும்.

அப்படியானால் டூ ஸ்ட்ரோக்கின் பலம் எங்கே? ஐடிலிங்கிலிருந்து வேகம் எடுக்கும் சுறுசுறுப்பில். கிரான்க் (இஞ்சினின் சுழலும் தண்டு) ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு வெடிப்பு உண்டு. வால்வு, கேம்ஷாஃப்ட் என்று கூடவே ஆட்ட வேண்டிய சாமான்களும் இல்லை. முழங்கால் உயரப் பாறைக்கு ஓரடி முன்னால் நின்று, கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விட்டால், அந்தக் கணத்திலேயே முன்சக்கரம் எழும்பும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதே முறுக்கைக் கொஞ்சம் முன்கூட்டியே யோசித்துக் கொடுக்க வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்புதான். இரண்டு தள்ளலுக்கு நடுவே டயருக்கு மண்ணைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது என்பது ஓட்டுநர்கள் காலம்காலமாகச் சொல்லும் விளக்கம். காரணம் எதுவானாலும், சேறு படிந்த மரவேர்கள் மேல் ஏறும்போது ஃபோர் ஸ்ட்ரோக் வழுக்காமல் ஏறுவதை நேரில் பார்க்கலாம். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகம் திறந்துவிட்டாலும் அது பதற்றப்படாது.

இந்தச் சண்டை இன்று நேற்று தொடங்கியது இல்லை. ஐம்பதுகளில் பிரிட்டிஷ் ஃபோர் ஸ்ட்ரோக்குகள்தான் ராஜா. ட்ரயல்ஸ் ஓட்டுநர் சாமி மில்லர் 500 சிசி ஏரியலில் ஜெயித்துக்கொண்டிருந்தார். அவரே பார்சிலோனாவின் புல்டாகோ கம்பெனிக்குப் போய், ஷெர்பா என்ற 250 சிசி டூ ஸ்ட்ரோக்கை உருவாக்க உதவி, 1965இல் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸை அதில் ஜெயித்தார். கனமான பெரிய வண்டிகளின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. எடி லெஜூன் 1982, 83, 84இல் 360 சிசி ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக்கில் உலகப் பட்டம் வாங்கியது ஒரு பெரிய விதிவிலக்கு. பிறகு இருபது வருடம் டூ ஸ்ட்ரோக் ஆட்சி. 2005இல் மொன்டேசா கோட்டா 4ஆர்டி வந்த பிறகுதான் ஃபோர் ஸ்ட்ரோக் மறுபடி மேலே வந்தது.

படி 1: உங்கள் மண் எது?

நீங்கள் ஓட்டப்போகும் இடத்துக்கு ஒரு தடவை சும்மா நடந்து போய் வாருங்கள். கிளப் போட்டி நடக்கும் நாளில் பார்வையாளராகப் போவது இன்னும் நல்லது. செக்‌ஷன்கள் நீளமாக, சேறும் வேரும் சரிவுமாக இருக்கின்றனவா? அப்படியானால் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அங்கே நிஜமான சாதகம் உண்டு. பாறைகள், படிகள், குறுகிய திருப்பங்கள், நின்று நிதானித்து ஏற வேண்டிய இடங்கள் என்றால் இலகுவான டூ ஸ்ட்ரோக்.

ஒரே நாளில் பல மைல் ஓட்ட வேண்டிய போட்டிகளும் உண்டு. ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸில் ஆறு நாள், நாளைக்கு 30 செக்‌ஷன், நடுவே மலைப்பாதையும் பொதுச்சாலையும். அங்கே இரண்டு வகை வண்டிகளும் முடித்திருக்கின்றன. முதல் வருடத்தில் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

படி 2: உங்கள் கை எங்கே பழகியது?

இதுவரை ஓட்டியதெல்லாம் சாலை ஃபோர் ஸ்ட்ரோக் என்றால், ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி மெதுவாகும் என்ற எதிர்பார்ப்பு உங்கள் உடம்பிலேயே ஊறியிருக்கும். உங்களுக்கு 4ஆர்டி முதல் நாளிலேயே ஒட்டிக்கொள்ளும். மோட்டோகிராஸ், எண்டியூரோ போன்ற மண்பாதைப் பந்தய டூ ஸ்ட்ரோக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர்கள் ஆக்சிலேட்டரை முறுக்குவதைக் குறைக்கப் பழக வேண்டும், அது வேறு கதை.

எடையையும் இங்கேயே சேர்த்துப் பாருங்கள். இன்றைய டூ ஸ்ட்ரோக்குகள் 65 முதல் 68 கிலோ வரை இருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் ஐந்தாறு கிலோ கூடும். காகிதத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் புதியவர் ஒரு நாளில் வண்டியை எத்தனை முறை பள்ளத்திலிருந்து தூக்குவார், எத்தனை முறை பின்சக்கரத்தைப் பிடித்து நகர்த்தித் திருப்புவார் என்பதை யோசித்தால் மதியத்துக்கு மேல் அந்த ஐந்து கிலோ தெரியும். முதுகுவலி உள்ளவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 3: சிசி

300 வாங்காதீர்கள். இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தவறிப்போய் ஆக்சிலேட்டரைத் திறந்தால் 300 மன்னிக்காது. சில கம்பெனிகள் மென்மையாக டியூன் செய்த 300ஐயும் விற்கின்றன என்பது உண்மைதான். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று ‘இது சாது’ என்று சொன்னால் மட்டும் பாருங்கள்.

125 இளைஞர்களுக்கும் உடல் இலகுவானவர்களுக்கும் நல்ல பள்ளிக்கூடம். கனமான ஆள் அதில் ஏற்றத்தில் போக வேண்டுமானால் எப்போதும் முறுக்கிக்கொண்டே, கிளட்சைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 250 டூ ஸ்ட்ரோக்தான் நடு வழி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் 250, 260 சிசி 4ஆர்டியே போதும். பழைய வண்டிச் சந்தையில் பீட்டாவின் ஈவோ ஃபோர் ஸ்ட்ரோக்கும் அவ்வப்போது வரும். டூ ஸ்ட்ரோக்கில் தேர்வு அதிகம்: பீட்டா, ஷெர்கோ, கேஸ் கேஸ், டிஆர்எஸ், வெர்டிகோ. வெர்டிகோ டூ ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டர் இல்லை, ஃபியூவல் இஞ்ஜெக்‌ஷன். அதனால் ‘டூ ஸ்ட்ரோக் என்றால் கார்புரேட்டர்’ என்ற கணக்கும் இப்போது சரிப்படாது.

படி 4: பராமரிப்பு யார் செய்யப்போகிறார்கள்?

வீட்டில் ஒரு ஸ்பேனர் பெட்டியும் பொறுமையும் இருந்தால் டூ ஸ்ட்ரோக் உங்கள் நண்பன். பிளக் மாற்றுவது, கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி ஊதுவது, பிஸ்டன் ரிங் மாற்றுவது வரை சமாளிக்கலாம். மேல்பகுதியைத் திறந்தால் உள்ளே இருக்கும் பாகங்களும் குறைவு. ட்ரயல்ஸ் இஞ்சின்கள் உச்ச வேகத்தில் அலறுவதில்லை என்பதால், மோட்டோகிராஸ் வண்டி போல அடிக்கடி பிஸ்டன் கேட்காது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் டேப்பெட் (வால்வு) இடைவெளி பார்க்க வேண்டும், ஆயில் தவறாமல் மாற்ற வேண்டும். 4ஆர்டியில் இஞ்சினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறு ஆயில், இரண்டும் தனித்தனி அறை. இஞ்சினுக்குள் போகும் ஆயிலின் அளவு குறைவு என்பதால் மாற்றுவதைத் தள்ளிப்போடக்கூடாது. ஒழுங்காகச் செய்தால் இந்த இஞ்சின் வருடக்கணக்கில் தொல்லை தராமல் ஓடும். பெரிய வேலை வந்தால் மட்டும் டூ ஸ்ட்ரோக்கை விடச் செலவு நிறைய.

டூ ஸ்ட்ரோக்கில் மறக்கக்கூடாத ஒன்று: ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 போலத் தனி ஆயில் டேங்க் கிடையாது. பங்கில் ஆயில் கலந்து ஊற்றிய பழைய டிவிஎஸ் 50 காலம் நினைவிருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. விகிதம் வண்டியின் கையேட்டில் இருக்கும். 80க்கு 1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 62 மி.லி. சற்றுக் கூட. கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். ‘கூடுதலாக இருந்தால் நல்லதுதானே’ என்று தாராளமாக ஊற்றினால் மெதுவாக ஓடும் இந்த இஞ்சினில் பிளக் நனைந்து அடைத்துக்கொள்ளும், சைலன்சரில் கறுப்பாக ஒழுகும். கலக்காமல் ஊற்றினால் பிஸ்டன் ஜாம். கலந்த கேனுக்கு ஒரு நிறம், கலக்காத கேனுக்கு வேறு நிறம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

படி 5: ஓட்டிப் பாருங்கள். இதில் அவசரம் வேண்டாம்

இரண்டு வகையையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் ஓட்டிப் பார்க்க வழி இருந்தால் விடாதீர்கள். கிளப்புகளில் கேட்டால் நல்ல மனதுள்ள யாராவது ஒருவர் தருவார். வாடகை வண்டியோடு பாடம் நடத்தும் பயிற்சிப் பள்ளிகளும் பிரிட்டன், ஸ்பெயினில் இருக்கின்றன. ஏறியதும் ‘கில் ஸ்விட்ச்’ கயிற்றை மணிக்கட்டில் மாட்டுங்கள். விழுந்தால் காந்தம் பிடுங்கிக்கொண்டு இஞ்சின் அணையும்.

முதலில் சமதளப் புல்வெளி. இரண்டாவது கியர், கிளட்சை முழுதாக விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐடிலிங்கிலேயே ஊர்ந்து போகட்டும். எழுந்து நின்றபடி ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வட்டமடியுங்கள். வண்டி திணறுகிறதா, குலுங்குகிறதா, அல்லது சாதுவாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். கிளட்ச் லீவரில் எப்போதும் ஒரே விரல், ஆள்காட்டி விரல். ஃபோர் ஸ்ட்ரோக் மிகக் குறைந்த வேகத்தில் சில நேரம் எச்சரிக்கையே இல்லாமல் ‘பக்’ என்று அணைந்துவிடும். அந்த ஒரு விரல் தயாராக இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

அடுத்து, கொஞ்சம் சரிவு. முதல் கியரில் மேலிருந்து கீழே. ஆக்சிலேட்டர் மூடியே இருக்கட்டும். இங்கேதான் பெரும்பாலானோர் மனசுக்குள் முடிவெடுப்பார்கள். டூ ஸ்ட்ரோக்கில் வண்டி உங்களைத் தாண்டி ஓடுவது போலத் தோன்றி வயிற்றைக் கலக்கினால், உடனே அதை ஒதுக்கிவிடாதீர்கள். முன் பிரேக்கை ஒற்றை விரலாலும் பின் பிரேக்கைக் காலாலும் ஒரே சமயத்தில், மெல்லப் பிடித்து மறுபடி மறுபடி இறங்கிப் பாருங்கள். பயம் குறைந்துகொண்டே வந்தால் டூ ஸ்ட்ரோக் சரி. குறையவே இல்லை, உங்கள் ஊர் மண்ணும் இப்படித்தான் இருக்கிறது என்றால் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் போங்கள்.

மூன்றாவது, கணுக்கால் உயர மரக்கட்டை. மெதுவாக அணுகி, முன்சக்கரம் கட்டையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஆக்சிலேட்டரையும் கிளட்சையும் சேர்த்துக் கொடுத்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். டூ ஸ்ட்ரோக் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது, ஃபோர் ஸ்ட்ரோக் எவ்வளவு நிதானமாகச் சொல்கிறது என்பது கட்டுரை படித்துத் தெரியாது, மணிக்கட்டில்தான் தெரியும்.

கடைசியாக, வண்டியை வேண்டுமென்றே பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்தி, சில நொடி கழித்து நிமிர்த்தி ஸ்டார்ட் செய்யுங்கள். கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் நிறைந்துபோய் முரண்டு பிடித்தால், ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து உதைத்தால் வழிக்கு வரும். 4ஆர்டியில் நேர் எதிர்: ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது, கிக்கரை மேலிருந்து கீழ்வரை முழுதாக, ஒரே வீச்சில் உதைக்க வேண்டும். அதில் பேட்டரி கிடையாது. உங்கள் உதையிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் ஃபியூவல் பம்பும் இஞ்ஜெக்‌ஷனும் விழித்தெழ வேண்டும். அரைகுறையாக உதைத்தால் எழாது. களைத்துப்போன காலுக்கு இது ஒரு சோதனைதான்.

டூ ஸ்ட்ரோக் செக்‌ஷன் வாசலில் ரொம்ப நேரம் ஐடிலிங்கில் நின்றால் உள்ளே ஆயில் தேங்கும். அதனால்தான் அனுபவசாலிகள் நுழைவதற்கு முன் இரண்டு மூன்று முறை நன்றாக முறுக்கி ‘சுத்தம்’ செய்துகொள்வார்கள். பந்தா என்று நினைக்க வேண்டாம்.

படி 6: பழைய வண்டியை எப்படிப் பார்ப்பது

விற்பவரிடம் முன்னாலேயே சொல்லுங்கள், ‘நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யலாம்’ என்று. போனதும் இஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியாக இருக்கலாம்.

பிறகு வண்டியைச் சாய்த்து, இஞ்சினுக்குக் கீழே இருக்கும் காப்புத் தகட்டைப் பாருங்கள். கீறல்கள் சகஜம். உள்நோக்கி ஆழமாக நசுங்கியிருந்தால் ஃபிரேம் வரை அடி போயிருக்கலாம். பின்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினால் ‘கடக் கடக்’ என்ற ஆட்டம் இருக்கக்கூடாது. இருந்தால் சஸ்பென்ஷன் இணைப்புகளில் பேரிங் போயிருக்கிறது. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு, ரிம்மில் நெளிவு, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். ஃபேன் முக்கியம்: மெதுவாக ஓடும் வண்டிக்குக் காற்று தானாகக் கிடைக்காது.

ஏர் ஃபில்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காய்ந்து, தூசி படிந்து கிடந்தால் மற்ற பராமரிப்பும் அப்படித்தான் இருந்திருக்கும். டூ ஸ்ட்ரோக் என்றால் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி கம்ப்ரெஷன் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயில் எப்போது மாற்றினார்கள், டேப்பெட் எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது வேறு வண்டி பாருங்கள். பிரிட்டனில் ட்ரயல்ஸ் வண்டிகளில் பல சாலைப் பதிவு இல்லாதவை. ஆகவே ஃபிரேம் எண் அழிக்கப்படாமல் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் சரிபாருங்கள். லாக் புக் (பதிவு ஆவணம்) இருந்தால் எண்ணை ஒப்பிடுங்கள்.

எதைத் தேடிப் போனீர்களோ அது கிடைக்காமல், அருமையாகப் பராமரித்த இன்னொரு வகை வண்டி கிடைத்தால்? அதையே வாங்குங்கள். நொந்துபோன டூ ஸ்ட்ரோக்கை விட நன்றாக வைத்திருந்த 4ஆர்டி எவ்வளவோ மேல். தலைகீழாகவும் அப்படியே.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

டயர் காற்றை முதலில் பாருங்கள். ட்ரயல்ஸில் பின்டயருக்கு 4 அல்லது 5 பிஎஸ்ஐ, முன்னால் அதைவிடச் சற்றுக் கூட. சாலை வண்டிக் கணக்கில் 28 வைத்தால் ஈரப்பாறையில் பந்து போல எகிறும். சாதாரண மீட்டர் இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது, 0 முதல் 15 வரை உள்ள மீட்டர் ஒன்று வாங்குங்கள்.

ஆக்சிலேட்டர் உங்களுக்குத் துடிப்பாகத் தெரிந்தால், ‘ஸ்லோ ஆக்‌ஷன்’ த்ராட்டில் டியூப் போடலாம். அதே அளவு மணிக்கட்டைத் திருப்பினால் குறைவாகத் திறக்கும். பல வண்டிகளில் ஈரத்துக்கு, காய்ந்த தரைக்கு என்று இரண்டு இக்னிஷன் மேப் (இஞ்சின் எவ்வளவு துடிப்பாக நடந்துகொள்ளும் என்பதற்கான அமைப்பு) மாற்றும் ஸ்விட்ச் இருக்கும். ஆரம்பத்தில் ஈர மேப்பிலேயே வைத்து ஓட்டுங்கள், காய்ந்த தரையிலும்கூட. இந்த இரண்டும் செய்தாலே டூ ஸ்ட்ரோக் 250 மிகவும் சாதுவாகிவிடும்.

சில வாரம் சும்மா நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்வது உண்டு, பீட்டாவில் இது நன்கு தெரிந்த விஷயம். ஸ்டார்ட் செய்யும் முன் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ‘டக்’ என்று விடுபட்டதும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உதையுங்கள். செய்யாமல் கியரைப் போட்டால் வண்டி தாவி, சுவரில் போய் நிற்கும்.